சிலோனுக்குப் போன தாத்தா: அமைதிப்படைப் போரில் நமக்குச் சொன்னதும் சொல்லாததும்

கேள்வி சுருக்கமாக இதுதான்: "எங்கள் ஊர் கம்மவான்பேட்டை. தாத்தா 1987-ல் இந்திய அமைதிப்படையோடு இலங்கைக்குப் போனவர். போன வருடம் தவறிவிட்டார். இருந்தவரை அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. யூடியூபில் ஒருவர் 'மறக்கப்பட்ட வீரர்கள்' என்கிறார், இன்னொருவர் 'கொலைகாரப் படை' என்கிறார். அன்றைக்குப் பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் என்ன சொன்னார்கள்? நான் எதை நம்புவது?"

உங்கள் கேள்வியைப் படித்ததும் என் பெரிய அண்ணன் முகம்தான் கண்முன் வந்தது. அவரும் போனவர். ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் இருந்தார். நான் அப்போது வேலூர் ஊரிசு கல்லூரியில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். பிறகு முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் அதே பாடத்தை நடத்தினேன். அந்தப் போரைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துவைத்திருக்கிறேன். அண்ணன் பேசாமல் விட்டதை வேறு யாராவது எழுதிவைத்திருக்க மாட்டார்களா என்ற ஏக்கம்தான் காரணம். அதனால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் ஒன்று. 'தாத்தா சிலோனுக்குப் போனார்' என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். அமைதிப்படை அங்கே இருந்தது கிட்டத்தட்ட முப்பத்திரண்டு மாதம். அதில் எந்த மாதம் இருந்தார் என்பதைப் பொறுத்து அவர் பார்த்ததே வேறாகிவிடும். 1987 ஆகஸ்டில் இறங்கியவருக்கு மாலை விழுந்தது. அக்டோபரில் இறங்கியவருக்குக் குண்டு விழுந்தது. 1989-ல் இருந்தவர் எந்தத் திருப்பத்தில் கண்ணிவெடி இருக்கிறதோ என்று மண்ணைப் பார்த்துக்கொண்டே நடந்தவர். இந்த மூன்று பேரையும் ஒரே பெயரில் கூப்பிட்டால் ஒருவரைப் பற்றியும் உண்மை பேசியதாக ஆகாது.

பின்னணியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் ஈழத்துப் பிள்ளைகளுக்கு ஆதரவில்லாத தெருவே கிடையாது. நம் வட ஆற்காடு மாவட்டத்திலும் அப்படித்தான். கடையடைப்பு, ஊர்வலம், உண்டியல் எல்லாம் நடந்தது. பல போராளி இயக்கங்களுக்கு இந்திய அரசே பயிற்சி கொடுத்தது, இதை இன்றைக்கு யாரும் மறுப்பதில்லை. 1987 ஜூன் 4-ம் தேதி இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து உணவுப் பொட்டலங்களைப் போட்டன. பூமாலை என்று பெயர். அடுத்த மாதம் 29-ம் தேதி ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் அணிவகுப்பு மரியாதையில் ஒரு சிங்களக் கடற்படை வீரர் துப்பாக்கியின் அடிக்கட்டையால் ராஜீவைத் தாக்கினார். அந்தப் படம் எல்லாப் பேப்பரிலும் வந்தது. எங்கள் தெரு டீக்கடையில் அதைத்தான் நாலு நாள் பேசினோம். சிங்களவன் அடிக்கிறான் என்றால் ஒப்பந்தம் நம் ஆட்களுக்கு நல்லதாகத்தான் இருக்கும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஆக, அந்த ஒப்பந்தப்படி நம் படை போனபோது அது யாரையும் எதிர்த்துப் போகவில்லை. தமிழர்களைக் காக்கப் போகிறது, இரண்டு தரப்புக்கும் நடுவில் நிற்கப் போகிறது, ஆயுதத்தை வாங்கி வைக்கப் போகிறது. அவ்வளவுதான் வீரர்களுக்கும் சொல்லப்பட்டது. யாழ்ப்பாணத்துச் சனம் அவர்களுக்கு மாலை போட்டது, ஆரத்தி எடுத்தது. ஆகஸ்ட் 4-ம் தேதி சுதுமலையில் பிரபாகரன் பேசிய கூட்டத்தில்கூட இந்தியாவோடு சண்டை என்ற பேச்சு இல்லை.

அறுபது எழுபது நாளில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. செப்டம்பர் 15-ம் தேதி புலிகள் இயக்கத்துத் திலீபன் இந்தியாவிடம் கோரிக்கைகள் வைத்து நல்லூரில் சொட்டுத் தண்ணீரும் குடிக்காமல் உண்ணாவிரதம் உட்கார்ந்தார், 26-ம் தேதி உயிர் போனது. மக்கள் அழுத கண்ணோடு அந்தப் பந்தலில் கூடியிருந்தார்கள், இந்தியா ஒன்றும் செய்யவில்லை என்ற கோபம் அங்கே பிறந்தது. அக்டோபர் 3-ம் தேதி இலங்கைக் கடற்படை புலேந்திரன், குமரப்பா உட்பட பதினேழு புலிகளைப் பிடித்தது. அவர்களைக் கொழும்புக்குக் கொண்டுபோகாமல் தடுக்க இந்தியாவால் முடியவில்லை. 5-ம் தேதி சயனைடு கடித்ததில் பன்னிரண்டு பேர் செத்தார்கள். அடுத்த இரண்டு நாளில் புலிகள் கிழக்கில் சிங்களப் பொதுமக்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். இந்தப் பகுதியை நம் மேடைகளில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். விடக்கூடாது. அக்டோபர் 10 வாக்கில் 'ஆபரேஷன் பவன்' தொடங்கியது. காவலுக்குப் போன படை சண்டைக்கு இறங்கியது.

இப்போது உங்கள் கேள்வியின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சண்டை தொடங்கிய அன்றைக்கு இந்தியப் படை செய்த முதல் காரியங்களில் ஒன்று, யாழ்ப்பாணத்தில் ஈழமுரசு, முரசொலி என்ற இரண்டு நாளிதழ்களின் அச்சகங்களை வெடிவைத்துத் தகர்த்தது. (இந்த முரசொலி அந்த ஊர்ப் பத்திரிகை, சென்னை முரசொலி இல்லை.) புலிகளின் 'நிதர்சனம்' தொலைக்காட்சியையும் அன்றே முடக்கினார்கள். அந்தப் பத்திரிகைகள் புலிகள் பக்கம் சாய்ந்தவை என்பது உண்மை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். ஊரடங்கு, மின்சாரம் இல்லை, தந்தி தபால் இல்லை, வெளியூர் நிருபர்களுக்கு அனுமதி இல்லை, உள்ளூரில் அச்சு இயந்திரமும் இல்லை. ஒரு நகரமே வாய் கட்டப்பட்டுக் கிடந்த அந்த மூன்று வாரத்தில்தான் இந்தப் போரின் மிகக் கொடிய காரியங்கள் நடந்தன.

ஒன்று நம் வீரர்களுக்கு நடந்தது. அக்டோபர் 11 இரவு புலித் தலைவர்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கூடியிருப்பதாகத் தகவல் கிடைத்து, ஹெலிகாப்டரில் ஆட்களை இறக்கினார்கள். புலிகள் நம் வயர்லெஸ் பேச்சை ஒட்டுக்கேட்டுத் தயாராகக் காத்திருந்தார்கள். பதின்மூன்றாவது சீக்கிய லைட் இன்ஃபென்ட்ரியில் இறங்கியவர்கள் முப்பது பேர். இருபத்தொன்பது பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். நம்மவர்கள் கையில் பழைய எஸ்.எல்.ஆர். துப்பாக்கி, எதிரே இருந்தவர்கள் கையில் ஏ.கே. 47. தெருவெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. நம்மவர்களுக்கு அந்தத் தெருவின் பெயர்கூடத் தெரியாது.

இன்னொன்று அந்த ஊர் மக்களுக்கு நடந்தது. அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் இந்தியப் படையினர் நுழைந்து சுட்டார்கள். மறுநாளும் அது நீண்டது. நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள், ஊழியர்கள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உள்ளேயிருந்து புலிகள் சுட்டார்கள், அதற்குப் பதிலடி கொடுத்தோம் என்றது படைத்தரப்பு. உயிர் பிழைத்தவர்கள் சொன்னது வேறு. கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த டாக்டரையும் சுட்டார்கள் என்றார்கள். 1989 ஆகஸ்ட் 2-ம் தேதி வல்வெட்டித்துறையில் நடந்ததையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். புலிகள் தாக்கியதில் சில வீரர்கள் செத்தார்கள், அதற்குப் பிறகு படை ஊருக்குள் புகுந்து அறுபது பேர் வரை கொன்றது, வீடுகளைக் கொளுத்தியது. அமைதிப்படையின் ஆங்கிலச் சுருக்கமான ஐ.பி.கே.எஃப். என்ற எழுத்துகளுக்கு 'அப்பாவி மக்களைக் கொல்லும் படை' என்று யாழ்ப்பாணத்தார் புது விரிவு சொன்னது இந்த அனுபவத்தில்தான்.

வேலூரில் எங்களுக்கு இதில் எது வந்து சேர்ந்தது? காலை ஏழேகாலுக்கு ரேடியோவைத் திருகினால் 'ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயண்சுவாமி' என்ற அந்தக் கம்பீரமான குரல். டிவி என்றால் தூர்தர்ஷன் ஒன்றுதான், அதுவும் அரசாங்கத்தினுடையது. தனியார் சேனல் வர இன்னும் ஆறு வருடம் இருந்தது. டெல்லியிலிருந்தும் சென்னையிலிருந்தும் படைத்தரப்பு சொல்வதுதான் செய்தி: இத்தனை தீவிரவாதிகள் கொல்லப்பட்டார்கள், இத்தனை ஆயுதங்கள் கைப்பற்றப்பட்டன, நம் தரப்பில் இத்தனை பேர். சில நாளில் முடிந்துவிடும் என்ற தொனி. யாழ்ப்பாண நகரத்தைப் பிடிக்கவே அக்டோபர் முடியப் போனது. அதற்கப்புறம் இரண்டரை வருடம் அந்த 'சில நாள்' நீண்டது.

இந்த எண்ணிக்கைச் செய்திக்கு ஒரு பழைய வம்சாவளி உண்டு. வியட்நாமில் அமெரிக்கத் தளபதிகள் சைகோனில் தினமும் சாயங்காலம் நிருபர்களைக் கூட்டி, இன்றைக்கு எத்தனை எதிரிப் பிணம் என்று கணக்குச் சொல்வார்கள். நிலம் பிடிக்கிற போரில் எங்கே நிற்கிறோம் என்று வரைபடத்தில் காட்டலாம். கெரில்லாவோடு போடுகிற சண்டையில் காட்ட வரைபடம் கிடையாது, அதனால் பிணத்தை எண்ணுகிறார்கள். எண்ணத் தொடங்கிவிட்டால் செத்துக்கிடக்கிற இளைஞன் எல்லாம் எதிரிதான். 1968-ல் கம்யூனிஸ்ட் படைகள் தென் வியட்நாம் நகரங்களை ஒரே நேரத்தில் தாக்கிய டெட் தாக்குதல் நடந்தபோது அமெரிக்க வீடுகளின் வரவேற்பறையில் டிவி அதைக் காட்டியது. தளபதிகள் சொன்ன கணக்கை மக்கள் கண்ணால் சரிபார்த்தார்கள். நமக்கு அந்த வாய்ப்பு இல்லை. பிறகு 2003-ல் இராக்குக்குப் போனபோது அமெரிக்கா நிருபர்களைப் படைப்பிரிவுகளோடு சேர்த்தே அனுப்பியது. வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப்போனால், அந்த வண்டியின் ஜன்னல் வழியாகத் தெரிவதுதானே எழுத்தில் வரும்.

தமிழ்ப் பத்திரிகைகளைக் குறை மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அகதிகளாக ராமேஸ்வரம் வந்து இறங்கியவர்களிடம் கேட்டு எழுதினார்கள், சில நிருபர்கள் உயிரைப் பணயம் வைத்து அங்கேயே போனார்கள். ஆனால் அந்த வருடம் டெல்லிப் பத்திரிகைகளின் முதல் பக்கத்தைப் பிடித்துக்கொண்டது போஃபர்ஸ். ராஜீவ் அரசு 1988-ல் அவதூறு மசோதா கொண்டுவந்து, பத்திரிகையாளர்கள் தெருவில் இறங்கிய பிறகு திரும்ப வாங்கிக்கொண்டது. பீரங்கி வாங்கியதில் கமிஷன் யாருக்குப் போனது என்று நாடே கேட்டது, ரொம்ப நியாயமான கேள்வி. அதே நேரத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு போர் நடந்துகொண்டிருந்ததை வட இந்தியா ஒரு மூலைச் செய்தியாகப் படித்துக் கடந்துபோனது. எனக்கு இன்றைக்கும் வலிக்கிற விஷயம் அது.

எங்களுக்கு இருந்த ஒரே மாற்று வழி பிபிசி தமிழோசை. இரவில் ரேடியோவைச் சுற்றி அக்கம்பக்கத்து மிலிட்டரிக் குடும்பங்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கும். எங்கள் அம்மா சிற்றலை இரைச்சலுக்கு நடுவே 'திருகோணமலை' என்ற சொல் வருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார். அண்ணன் அங்கே இருக்கிறார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கடிதத்தில் ஊர் பெயர் இருக்காது, 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் நிலைய முகவரிதான் இருக்கும். 'நான் இங்கு நலம். அங்கு அனைவரின் நலமறிய ஆவல். மழை பெய்கிறதா? கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா?' இவ்வளவுதான் இன்லேண்ட் லெட்டரில். இரண்டரை வருடத்தில் வந்த பதினெட்டுக் கடிதத்திலும் போர் என்ற சொல் கிடையாது. அம்மா அதையெல்லாம் புடவைப் பெட்டியில் வைத்திருந்தார். அவர் போன பிறகு எடுத்து வரிசையாகப் படித்தேன். 1987 நவம்பர் கடிதத்தில் மட்டும் கையெழுத்து கோணலாக இருந்தது.

அரசியல்வாதிகள் என்ன சொன்னார்கள் என்று கேட்டீர்கள். டெல்லியில் காங்கிரஸ் ஒப்பந்தத்தைத் தன் சாதனையாகப் பேசியது. ஆகஸ்ட் தொடக்கத்தில் சென்னைக் கடற்கரையில் ராஜீவும் எம்.ஜி.ஆரும் ஒரே மேடையில் ஒப்பந்தத்தை வரவேற்றார்கள். எம்.ஜி.ஆர். புலிகளுக்கு அள்ளிக் கொடுத்தவர், அதே சமயம் டெல்லியைப் பகைத்துக்கொள்ள முடியாத நிலை, உடம்பும் சரியில்லை. டிசம்பர் 24-ம் தேதி காலமானார். அதற்கப்புறம் ஒரு வருடம் ஜனாதிபதி ஆட்சி. தி.மு.க., தி.க., நெடுமாறன் போன்றவர்கள் படையைத் திரும்பக் கூப்பிடு என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். 1989 ஜனவரித் தேர்தலில் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. அடுத்த மாதமே அந்தக் கட்சியின் எம்.பி. வை. கோபால்சாமி (பின்னாளில் வைகோ) கள்ளத்தோணியில் வன்னிக்குப் போய் பிரபாகரனைச் சந்தித்துவிட்டு வந்தார். இந்தியாவின் எம்.பி., இந்தியப் படை தேடிக்கொண்டிருந்த ஆளைப் போய்ப் பார்த்தார் என்றால் அன்றைய குழப்பம் உங்களுக்குப் புரியும்.

கொழும்பிலும் அதேபோலத்தான். 1989-ல் அதிபரான பிரேமதாசா, ஜூலை 29-க்குள் இந்தியப் படை வெளியேற வேண்டும் என்று கெடு வைத்தார். அதோடு நிற்காமல் புலிகளுக்கே ஆயுதமும் கொடுத்தார். தங்கள் ஊரைத் தமிழனுக்கு எழுதிக்கொடுக்க வந்த படை என்றன சிங்களக் கட்சிகள். தமிழனைக் கொல்ல வந்த படை என்றார்கள் தமிழர்கள். டெல்லியில் வி.பி. சிங் வந்ததும் திரும்பக் கூப்பிடும் வேலை வேகமானது. சிங்களவர், தமிழர், புலிகள், தமிழ்நாடு, டெல்லியின் புது அரசு, யாருக்குமே வேண்டாத படையாக உங்கள் தாத்தாவைப் போன்றவர்களும் என் அண்ணனும் கடைசி மாதங்களில் அங்கே நின்றார்கள்.

1990 மார்ச் 24-ம் தேதி திருகோணமலையிலிருந்து கடைசிக் கப்பல் கிளம்பியது. சென்னைத் துறைமுகத்துக்கு வந்த படையை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை நான் எப்படி வரவேற்பேன் என்பது அவர் நிலை. அன்றைக்குத் தமிழ்நாட்டின் பெரும்பகுதி அவர் செய்தது சரி என்றது, நானும் சரி என்றேன். வீட்டில் என் சொந்த அண்ணன் வந்து இறங்கப் போகிறார் என்று தெரிந்தும் அப்படிச் சொன்னேன். இன்றைக்குக் கேட்டால், யாழ்ப்பாணத்து அம்மாக்களின் கண்ணீருக்கு அந்த மரியாதை தேவைதான் என்றே சொல்வேன். ஆனால் அந்த மரியாதையைக் கட்டளையிட்டவர்களைக் கேள்வி கேட்டுக் காட்டியிருக்கலாம். கட்டளைக்குக் கீழ்ப்படிந்து போய், சுமார் 1,200 பேரைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர்களிடம் முகத்தைத் திருப்பியது நம் கோபத்தின் தவறான முகவரி.

அண்ணன் காட்பாடி ஜங்ஷனில் ராத்திரி ரயிலில் வந்து இறங்கினார். நானும் அப்பாவும் போயிருந்தோம். கறுப்பு டிரங்குப் பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். ஜட்கா பிடித்து வருகிற வழியெல்லாம் அப்பா நெல் விலை பேசினார், அண்ணன் உம் கொட்டினார். பாலாற்றுப் பாலம் தாண்டும்போது நான் வாய் பொறுக்காமல், "அண்ணா, பேப்பர்ல ஆஸ்பத்திரின்னு போட்டிருந்தானே..." என்று ஆரம்பித்தேன். அவர் என் கையைப் பிடித்து அழுத்தி, "அதெல்லாம் உனக்கு எதுக்குடா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அதோடு இருபது வருடம் நான் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த வருடம் மே 21, ஸ்ரீபெரும்புதூர். ராஜீவ் கொலைக்குப் பிறகு தமிழ்நாட்டில் அந்தப் பேச்சையே எடுக்க முடியாமல் போனது. புலிகளைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் போலீஸ் பயம். படையைப் பற்றிப் பேசினால் ஊரில் ஒரு மாதிரிப் பார்வை. ஏற்கெனவே பேசாமல் இருந்தவர்கள் ஒரேயடியாக வாயைக் கட்டிக்கொண்டது அப்போதுதான். உங்கள் தாத்தாவின் மௌனத்துக்கும் இதில் பங்கிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் இலங்கைப் பேச்சு வேறு வழியில் வேலூர் பேப்பரில் வந்துகொண்டேதான் இருந்தது. கொலை வழக்கில் தண்டனை பெற்றவர்கள் நம் மத்திய சிறையில்தான் வருடக்கணக்கில் இருந்தார்கள். கோட்டைக்குள் திப்பு மகாலில் அடைத்துவைத்திருந்த புலிகளில் 43 பேர் 1995 ஆகஸ்டில் சுரங்கம் தோண்டித் தப்பியபோது, நாடெங்கிலிருந்தும் நிருபர்கள் வந்து அகழிக் கரையில் நின்று படம் பிடித்தார்கள். அதே கோட்டையில்தான் கண்டியின் கடைசி அரசன் விக்கிரமராஜசிங்கனை ஆங்கிலேயர்கள் அடைத்துவைத்திருந்தார்கள். 1832-ல் இங்கேயே இறந்தார், பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் சமாதி இருக்கிறது. இலங்கைக்கும் நம் ஊருக்கும் உறவு எப்போதும் ஏதோ ஒரு சிறை வழியாகவே வருகிறது.

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டை எத்தனையோ தடவை தாண்டிப் போயிருப்பீர்கள். அடுத்த தடவை நின்று அதில் இருக்கும் ஆங்கிலக் கல்வெட்டைப் படியுங்கள். இந்த ஊரிலிருந்து 277 பேர் முதல் உலகப் போருக்குப் போனார்கள், அதில் 14 பேர் உயிர் விட்டார்கள் என்று இருக்கும். வெள்ளைக்காரன் தன் போருக்குக் கூட்டிப்போன ஆட்களுக்குக்கூடக் கணக்கு வைத்துக் கல்லில் வெட்டிவிட்டுப் போயிருக்கிறான். வீட்டுக்கு வீடு மிலிட்டரிக்காரர் இருக்கிறார் என்பதால் 'ராணுவப்பேட்டை' என்றே பேர் வாங்கிய உங்கள் ஊரிலிருந்தும், கண்ணமங்கலம், குடியாத்தம் பக்கமிருந்தும் 1987-ல் எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்று ஒரு கல்லில் எழுதி நான் பார்த்ததில்லை. இலங்கை அரசு கொழும்புக்குப் பக்கத்தில் பத்தரமுல்லையில் நம் வீரர்கள் பெயரைப் பொறித்து நினைவுச்சின்னம் எழுப்பியிருக்கிறது. டெல்லி தேசியப் போர் நினைவகம் 2019-ல்தான் திறந்தது.

சரி, எதை நம்புவது?

நான் ஒரு வழி சொல்கிறேன். எந்தத் தரப்புக்காரர் பேசினாலும், தன் தரப்புக்குச் சங்கடமான ஒரு விஷயத்தையாவது சொல்கிறாரா என்று பாருங்கள். சொன்னால் மீதியையும் காது கொடுத்துக் கேட்கலாம். அந்தக் காலத்தில் அப்படி எழுதியவர்கள் இருந்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ஆசிரியர்கள் நாலு பேர், இந்தியப் படை செய்ததையும், புலிகள் செய்ததையும், மற்ற இயக்கங்கள் செய்ததையும், தேதி இடம் போட்டு எழுதினார்கள். பாதிக்கப்பட்ட பெண்களின் வீடுகளுக்கே போய்க் கேட்டு எழுதினார்கள். அவர்களில் ஒருவர் ராஜினி திராணகம, மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் துறைத் தலைவி. 1989 செப்டம்பர் 21-ம் தேதி சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பும் வழியில் சுட்டுக் கொன்றார்கள். சுட்டது புலிகள் என்பதுதான் அவருடன் எழுதியவர்களின் முடிவு. நம் படையின் தலைமையில் இருந்தவர்களில் முதல் தளபதி ஹர்கிரத் சிங்கும், அவருக்கு மேலே இருந்த தீபிந்தர் சிங்கும் பின்னாளில் புத்தகம் எழுதினார்கள். டெல்லியிலும் கொழும்புத் தூதரகத்திலும் நடந்த குழப்பங்களை அவற்றில் படித்தால், கீழே இருந்த சிப்பாய்க்கு எதுவுமே தெளிவாகச் சொல்லப்படவில்லை என்பது விளங்கும்.

வீரரா கொலைகாரரா என்று கேட்கிறீர்கள். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25-ம் தேதி நெஞ்சில் குண்டு பாய்ந்த பிறகும் எதிரியின் துப்பாக்கியைப் பறித்துச் சண்டை போட்டு உயிர் விட்டார், பரம் வீர் சக்ரா பெற்றார். தமிழர். ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருந்தவர்களைச் சுட்டவர்களும் அதே சீருடைதான் போட்டிருந்தார்கள். இரண்டும் நடந்தது. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை அழிக்க முடியாது. உங்கள் தாத்தா இதில் எங்கே இருந்தார் என்பதுதான் உங்களுக்கு வேண்டிய கேள்வி.

அண்ணன் ஒரே ஒரு தடவை பேசினார். 2011 வாக்கில் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வேண்டியிருந்தது. மேல்மொணவூர் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து ஒருவர் வந்தார். (அந்த முகாமில்தான் 2021 நவம்பரில் முதல்வர் ஸ்டாலின் புது வீடுகளுக்கு அடிக்கல் நாட்டினார், இப்போது அதற்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர்.) முதல் நாள் அவர் பேச்சைக் கேட்டதுமே அண்ணன் எழுந்து உள்ளே போய்விட்டார். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் டீயை அவரே எடுத்துக்கொண்டு போனார். ஏணியிலிருந்து இறங்கிவந்தவரிடம், "எந்த ஊரு?" என்றார். "கொக்குவில், ஐயா." அது யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்து ஊர். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ரயில் ரோட்டுக்கு மேற்கயா கிழக்கயா?" என்றார். அந்த மனிதர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கள் ஆமியில இருந்தனீங்களோ?"

இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்தார்கள். அவருக்கு அப்போது பதினொரு வயதாம். தம்பி ஒருவனை அந்த அக்டோபரில் இழந்தவர். அண்ணன் தன்னைத் தமிழ் பேசுகிறவன் என்பதால் செக்போஸ்டில் மொழிபெயர்க்க நிறுத்தினார்கள் என்று சொன்னார். சீக்கிய வீரரும் கூர்க்கா வீரரும் கேட்பதைத் தமிழில் சொல்ல வேண்டும், ஊர்க்காரர்கள் சொல்வதை இந்தியில் சொல்ல வேண்டும். "ஒரு அம்மா, 'தம்பி, நீங்கள் தமிழோ? அப்ப என்ர பிள்ளையை விடச் சொல்லுங்கோ'ன்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. நான் சொன்னேன். அவங்க விடல. அந்த அம்மா என்னத்தான் திட்டுச்சு. நான் சொன்னது அதுக்குத் தெரியாது இல்ல" என்றார். அவ்வளவுதான் அவர் என் காது கேட்கச் சொன்ன போர். கொக்குவில்காரர் அதற்குப் பதில் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வரும்போது கொஞ்சம் முருங்கைக்காய் கொண்டுவந்தார். இந்தக் காட்சி எந்தப் பேப்பரிலும் வந்ததில்லை. ஆகாசவாணியிலும் வரவில்லை, தலைவர்கள் பேச்சிலும் வரவில்லை.

இனி நீங்கள் செய்யவேண்டியது. தாத்தாவின் டிஸ்சார்ஜ் புக் வீட்டில் இருக்கும், பென்ஷன் காகிதங்களோடு பாருங்கள். எந்த யூனிட், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை எங்கே இருந்தார் என்பதற்கு அதில் குறிப்பு கிடைக்கலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் ஆவணங்கள் நீலகிரி வெலிங்டனில் இருக்கும், வாரிசு என்ற முறையில் பாட்டி பெயரில் எழுதிக் கேட்கலாம். வேலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுப்பார்கள். அதைவிட முக்கியம், உங்கள் ஊரில் அவரோடு போனவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். அவர்களிடம் கேமராவை நீட்டாதீர்கள். போய் உட்காருங்கள், 'எங்க தாத்தாவோட எங்க இருந்தீங்க' என்று மட்டும் கேளுங்கள். பதில் வர மூன்று நாலு தடவை போக வேண்டியிருக்கும். அப்படியே ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல்மொணவூருக்கும் போய்வாருங்கள், உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான்.

யூனிட்டும் தேதியும் கிடைத்தால் எனக்கு எழுதுங்கள். அந்த மாதம் அந்த இடத்தில் என்ன நடந்தது என்று என்னிடம் இருக்கும் குறிப்புகளில் தேடிச் சொல்கிறேன். கடிதங்கள் ஏதாவது இருந்தால் வெயிலில் காயவைத்துவிடாதீர்கள், இன்லேண்ட் லெட்டரின் மை சீக்கிரம் மங்கிவிடும்.